இருட்டறையும் பிழைப்பும்: தென்னார்க்காட்டுச் சிற்றூர்களில் புகைப்படத் தொழில்

கடலூர் மாவட்டத்தில், விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டைக்குச் செல்லும் சாலையில் அமைந்த மங்கலம்பேட்டை போன்ற ஒரு பேரூராட்சியில், நிலமோ அரசு வேலையோ இல்லாமல் படம் எடுப்பதை மட்டுமே நம்பி ஒரு குடும்பம் பிழைக்கும் நிலை எப்படி உருவாயிற்று என்பது புகைப்பட வரலாற்று நூல்கள் அதிகம் பேசாத செய்தி. வைஸ்ராய்களையும் மன்னர் குடும்பங்களையும் கோவில் கோபுரங்களையும் படமெடுத்தவர்களின் பெயர்கள் அந்நூல்களில் வரிசையாக இடம்பெறுகின்றன; கடைத்தெருவில் மாடிப்படிக்குக் கீழே ஒரு தடுப்பு வைத்து 'ஸ்டுடியோ' என்று பலகை மாட்டியவருக்கு அங்கே இடமில்லை. அவருடைய வரவு செலவைக் கூர்ந்து பார்த்தால், கேமராவைக் கையில் பிடித்த நேரத்தைவிட, படம் எடுத்து முடித்தபின் வெளிச்சம் புகாத சிறு அறைக்குள் கழித்த நேரமே அவருக்குச் சோறு போட்டது என்பது விளங்கும். தொழிலில் இருந்தோர் 'டார்க் ரூம்' என்றும் எழுத்துத் தமிழ் 'இருட்டறை' என்றும் குறிக்கும் அந்த அறை யார் கையில் இருந்தது என்பதைப் பொறுத்தே இத்தொழிலின் ஏற்றமும் இறக்கமும் அமைந்தன.

சென்னை மாகாணத்தில் புகைப்படம் முதலில் அரசின் நிழலிலேயே வேரூன்றியது. மருத்துவரான அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் சென்னையில் தொடங்கியதும் இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரியின் முன்னோடியுமான கலைப்பள்ளி, சில ஆண்டுகளுக்குள்ளேயே புகைப்படத்தையும் கற்பிக்கத் தொடங்கியது. அப்பள்ளியோடு தொடர்புடைய சி. அய்யாசாமி, 19ஆம் நூற்றாண்டில் படமெடுப்பவராகப் பெயர் பதிவான மிகச் சில தமிழர்களுள் ஒருவர். அதே காலத்தில் கும்பெனிப் படையின் கேப்டன் லின்னேயஸ் டிரைப் மாகாண அரசின் புகைப்படக்காரராக அமர்த்தப்பட்டு, 1857 டிசம்பர் முதல் 1858 ஏப்ரல் வரை திருச்சி, திருவரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை ஆகிய ஊர்களில் சுற்றிப் படமெடுத்தார். மெழுகூட்டிய தாளையே நெகட்டிவாகப் பயன்படுத்திய அவர், தஞ்சைப் பெரிய கோவிலின் கல்வெட்டு வரிசையை 21 படங்களாக எடுத்து, அவற்றை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக்கியது இன்றும் வியப்பூட்டும் உழைப்பாகும். ஆனால் 1859இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன் இதையெல்லாம் ஆடம்பரச் செலவாகக் கருதினார், வேலை நிறுத்தப்பட்டது. மாகாணத்தில் சம்பளத்துக்குப் படமெடுக்கும் முதல் உத்தியோகம் இவ்வாறு சில ஆண்டுகளிலேயே முடிந்தது, அரசை நம்பிய புகைப்படக்காரருக்குப் பின்னாளில் நேர்ந்தவற்றுக்கு ஒரு முன்னறிவிப்புப் போலவும் தோன்றுகிறது.

பழைய தென்னார்க்காடு மாவட்டத்திலும் கேமரா அறிஞர்களின் கருவியாகவே பெரிதும் மதிக்கப்பட்டது. சிதம்பரம் நடராசர் கோவிலின் கோபுர வாயில்களில் செதுக்கப்பட்ட கரணச் சிற்பங்கள், அதாவது நாட்டிய சாத்திரம் கூறும் 108 ஆடல் நிலைகளின் உருவங்கள், 1914ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஆண்டறிக்கையின் வழியாகவே ஆய்வுலகின் கவனத்துக்கு வந்தன. பின்னர், 1955இல் நிறுவப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் அடுத்த ஆண்டிலிருந்து தென்னிந்தியக் கோவில்களை முறையாகப் படமெடுத்துத் தொகுக்கத் தொடங்கி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் கொண்ட காப்பகத்தை உருவாக்கியது. சிற்பங்களுக்குக் கிடைத்த இந்தக் கவனம், அதே கோவிலுக்கு எதிரே கடை வைத்துப் பக்தர் குடும்பங்களைப் படமெடுத்தவர்களின் நெகட்டிவ்களுக்குக் கிடைக்கவில்லை.

காசுக்குப் படமெடுக்கும் கடை சென்னையில் வெள்ளையரால் தொடங்கப்பட்டது. நிக்கலஸ் குடும்பத்தார், பின்னர் ஜெர்மானியரான வீலே, க்ளைன் ஆகியோர், இருபதாம் நூற்றாண்டில் மவுண்ட் ரோட்டில் பெயர் பெற்ற ஜி. கே. வேல் நிறுவனம் என நீளும் அந்த வரிசையிலிருந்து சிற்றூருக்குத் தொழில் இறங்கி வரத் தொழில்நுட்பத்தில் ஒரு மாற்றம் தேவைப்பட்டது. ஆரம்பகால ஈரத் தகடு முறையில், கண்ணாடியில் மருந்து பூசி, அது காய்வதற்குள் படமெடுத்து, அங்கேயே கழுவியாகவேண்டும். எனவே படமெடுப்பவர் வேதிப்பொருள்களோடும் கூடாரத்தோடும் வண்டி கட்டிக்கொண்டு போகவேண்டியிருந்தது. 1871இல் ரிச்சர்ட் மேடாக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் விளக்கிய ஜெலட்டின் முறை வளர்ந்து, ஆலையிலேயே மருந்து பூசிப் பெட்டியில் அடைத்த உலர் தகடுகள் விற்பனைக்கு வந்ததும், எடுக்கும் இடமும் கழுவும் இடமும் பிரிந்தன. ஒரு கடையில் இருட்டறையை வைத்துக்கொண்டு பத்து மைல் சுற்றளவிலுள்ள கிராமங்களுக்கு முக்காலிக் கேமராவைத் தூக்கிச் சென்று திரும்புவது அதன்பிறகே இயல்வதாயிற்று. மின்சாரம் எட்டாத ஊர்களிலும் கடை நடத்த முடிந்ததற்குக் காரணம், படமெடுக்கவும் பிரதி எடுக்கவும் பகல் வெளிச்சமே போதுமானதாக இருந்ததுதான்: கூரையின் ஒரு பக்கத்தைக் கண்ணாடியாக்கி, அதன்மேல் வெள்ளைத் துணியை இழுத்து வெயிலை மட்டுப்படுத்துவார்கள்; நெகட்டிவையும் தாளையும் ஒரு மரச்சட்டத்தில் இறுக்கி முற்றத்து வெயிலில் வைத்துப் பிரதி எடுப்பார்கள்.

இருட்டறை வேலையோ அவ்வளவு எளிதில் வசப்படவில்லை. படிவத்தை வெளிக்கொணரும் மருந்தான 'டெவலப்பர்' என்பதை மெட்டால், ஹைட்ரோகுவினோன், சோடியம் சல்பைட் முதலிய பொடிகளைத் தராசில் நிறுத்துக் கலந்து கடைக்காரரே தயாரிப்பார்; ஒளிபடாத வெள்ளி உப்பைக் கரைத்து நீக்கிப் படத்தை நிலைக்கச்செய்யும் சோடியம் தயோசல்பேட் கரைசல் 'ஹைப்போ' எனப்பட்டது. இந்த மருந்துகளின் அட்டவணைகள் ஐரோப்பியக் குளிருக்காக, ஏறத்தாழ 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்துக்காக எழுதப்பட்டவை. சித்திரையிலும் வைகாசியிலும் தென்னார்க்காட்டுக் கிணற்று நீர் அதைவிடப் பல டிகிரி சூடாக இருக்கும். 30 டிகிரியை நெருங்கிய நீரில் ஜெலட்டின் இளகி, ஓரங்களில் சுருக்கம் விழுந்து, சில வேளைகளில் படமே கண்ணாடியிலிருந்து வழுக்கிப் போய்விடும். இதற்காகவே விடியலுக்கு முன் கழுவும் வழக்கமும், மண்பானையில் இரவெல்லாம் ஆறவைத்த நீரைப் பயன்படுத்தும் வழக்கமும், ஐஸ் கிடைத்த ஊர்களில் தட்டைச் சுற்றி ஐஸ்கட்டி அடுக்கும் வழக்கமும், ஜெலட்டினை இறுக்கப் படிகாரம் சேர்க்கும் வழக்கமும் ஏற்பட்டன. உப்பு மிகுந்த நீரில் கழுவினால் காய்ந்தபின் வெண்புள்ளிகள் நிற்கும் என்பதால், கடைக்கு இடம் பார்க்கும்போது தெருவைப் பார்ப்பதோடு கிணற்றையும் பார்க்கவேண்டியிருந்தது.

இந்த வேலைகளைக் கற்பிக்கப் பள்ளிக்கூடம் கிடையாது. சென்னை சென்ட்ரல் பாலிடெக்னிக்கில் 1940களில் தொடங்கிய ஒளிப்பதிவுப் படிப்பு சினிமாவுக்கு ஆட்களைத் தயாரித்தது, கடைத்தெருவுக்கு அன்று. ஸ்டுடியோவில் சேரும் பையன் முதலில் பெருக்குவான், பிரதிகளை நீரில் அலசுவான், கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிடுவான். ஆண்டுகள் கழித்து மருந்து கலக்கவும் கழுவவும் கற்பான். அதன்பின் 'டச்சிங்' கற்றுக்கொள்வான். கேமராவைத் தொடும் உரிமை கடைசியில்தான் வரும். தொழிலின் மதிப்பு எங்கே இருந்தது என்பதை இந்த வரிசையே காட்டிக்கொடுக்கிறது.

டச்சிங் என்பது நெகட்டிவின்மேல் பென்சிலால் செய்யும் திருத்தம். சாய்வு மேசையின் நடுவிலுள்ள திறப்பில் நெகட்டிவைப் பொருத்தி, கீழே ஒரு கண்ணாடியைச் சாய்த்து வெளிச்சத்தை மேலே திருப்பி, மருந்துப் பூச்சின்மேல் குங்கிலியம் கரைத்த டர்பென்டைனைத் துளியாகத் தேய்த்துப் பென்சில் பிடிக்கும்படி செய்துகொண்டு, ஊசிபோல் சீவிய முனையால் மிகச் சிறிய கோடுகளையும் புள்ளிகளையும் இடுவார்கள். நெகட்டிவில் கறுப்புக் கூடும் இடம் பிரதியில் வெளுப்பாக விழும் என்பதால், முகத்திலுள்ள குழிகளும் கண்ணுக்குக் கீழுள்ள நிழலும் இந்தப் புள்ளிகளால் நிரவப்படும். கருமை கூட்டவேண்டிய இடத்தில் மெல்லிய கத்தியால் மருந்தைச் சுரண்டுவார்கள். பெரியம்மை ஒழிக்கப்படாத காலத்தில் அம்மைத்தழும்பு இல்லாத முகங்கள் குறைவாக இருந்த ஊர்களில், மணப்பெண்ணின் படத்தில் தழும்பை மறைக்கத் தெரிந்த கடைக்காரருக்கு எப்போதும் கூட்டம் இருந்ததில் வியப்பில்லை. நிறத்தைச் சற்று வெளுக்கச் செய்வதும் அதே பென்சிலின் வேலையாயிற்று. சிவப்பு நிறத்தின்மேல் தமிழ்ச் சமூகம் கொண்ட மோகத்தைப் பற்றி ஆராய்வோர் விளம்பரங்களோடு நின்றுவிடாமல் இந்தப் பழைய நெகட்டிவ்களையும் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்ப்பது நல்லது.

இறந்தவர் படம் இத்தொழிலின் மற்றொரு தூண். படம் பிடித்தால் ஆயுள் குறையும் என்ற நம்பிக்கை பரவலாக இருந்ததால் பலர் உயிரோடிருக்கும்வரை கேமராவின் முன் நிற்கவில்லை. அவர்கள் கண்மூடியபின்தான் படம் வேண்டுமென்று வீட்டார் ஆளனுப்பினர். சடலத்தை நாற்காலியில் சாய்த்து மாலையிட்டுச் சுற்றத்தார் புடைசூழ எடுக்கும் படம் ஒருபுறமிருக்க, அந்த முகத்தை மட்டும் பிரித்தெடுத்துப் பெரிதாக்கி, மூடிய இமைகளின்மேல் திறந்த கண்களை வரைந்து, உயிருள்ளவர் போலச் சட்டமிட்டுத் தருவது ஸ்டுடியோக்காரரின் தனித்திறமையாகக் கருதப்பட்டது. கணவன் ஓர் ஆண்டிலும் மனைவி வேறோர் ஆண்டிலும் தனித்தனியே எடுத்த படங்களை ஒன்றாகப் பொருத்தி, வாழ்நாளில் ஒருபோதும் சேர்ந்து படமெடுத்திராத இருவரை அருகருகே அமர்த்தும் வேலையும் அவ்வாறே. பதினாறாம் நாள் காரியத்துக்குள் முடித்துத் தரவேண்டும் என்ற கெடுவும், துக்கவீட்டில் பேரம் பேசும் வழக்கமின்மையும் சேர்ந்து, கல்யாணப் படத்தைவிட இதில் ஆதாயம் கூடுதலாக இருந்திருக்க வேண்டும்.

படத்தின் பின்னணியில் தொங்கிய ஓவியத் திரை, நாடகக் கம்பெனிகளிலிருந்து வந்தது. தூண்களும் படிக்கட்டும் ஏரியும் மாளிகையும் தீட்டிய அத்திரையை நாடகத்தாரைப் போலவே ஸ்டுடியோக்காரரும் 'சீன்' என்றே அழைத்தனர். காலண்டர் ஓவியத்தால் புகழ்பெற்ற கோவில்பட்டி சி. கொண்டையராஜு நாடகக் கம்பெனிக்குச் சீன் தீட்டியவர். அவருடைய சீடர்களுள் சிலர் போட்டோ ஸ்டுடியோ வேலையிலும் ஈடுபட்டனர். ஓவியமும் புகைப்படமும் எதிரெதிர்க் கலைகள் என்ற எண்ணம் நகரத்து விமரிசகர்களுடையது. சிற்றூரில் இரண்டையும் ஒரே கை செய்தது.

சடங்குகளுக்கு அடுத்தபடியாக ஸ்டுடியோவைத் தாங்கியது அரசாங்கத்தின் காகிதம். 1920ஆம் ஆண்டின் இந்தியக் கடவுச்சீட்டுச் சட்டத்துக்குப்பின் கடவுச்சீட்டோடு கடல்கடந்து செல்வோருக்குப் படம் தேவைப்பட்டது. மலேயாவுக்கும் பின்னர் வளைகுடா நாடுகளுக்கும் சென்ற ஆட்கள் பலர் ஒரு ஸ்டுடியோவின் ஸ்டூலில் உட்கார்ந்து எழுந்தவர்களே. முஸ்லிம்கள் கணிசமாக வாழும் மங்கலம்பேட்டை போன்ற ஊர்களில், உருவப்படம் கூடாது என்று கருதிய பெரியவர்களும் ஹஜ்ஜுக்குப் போகப் படம் எடுக்கவேண்டியிருந்தது. சிதம்பரத்தில் 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும், 1956இல் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி நிறுவனமும் தோன்றியபின் அடையாள அட்டை, விண்ணப்பம், விடுதி மாணவர் குழுப்படம், பட்டமளிப்பு அங்கிப் படம் என்று தேவைகள் பெருகின. 'பாஸ்போர்ட் சைஸ்' என்ற தொடர் கடவுச்சீட்டே எடுக்காதவர் வாயிலும் புழங்கத் தொடங்கியது இக்காலத்தில்தான்.

இத்தொழிலின் ஆண்டுச் சுழற்சியைப் பஞ்சாங்கமே வகுத்தது. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. தையும் வைகாசியும் ஆவணியும் தூக்கம் தராத மாதங்கள். விருத்தாசலம் வட்டாரத்தில் மணிலா எனப்படும் நிலக்கடலையும் முந்திரியும் விலைபோகும் பருவத்தை ஒட்டிக் கல்யாணச் செலவு கூடும் அல்லது குறையும். இந்துக்களும் முஸ்லிம்களும் சேர்ந்து வாழும் ஊரில் கடை வைத்தவருக்கு ஒரு சிறு சலுகை இருந்தது: ரமலானில் நிக்காஹ் அரிது என்றாலும், இஸ்லாமிய ஆண்டு சுமார் 11 நாள் குறைவானது என்பதால் அந்த மாதம் ஆண்டுதோறும் நகர்ந்துகொண்டே போகும், ஒரு சமூகத்தின் ஓய்வுமாதத்தை மற்றச் சமூகத்தின் விழா நிரப்பிவிடும். எஞ்சிய நாள்களில் சாமி படங்களுக்குச் சட்டம் போட்டும் கண்ணாடி வெட்டியும் காலம் தள்ளினர்.

சுதந்திரத்துக்குப்பின் மூலப்பொருள் பெரும் சிக்கலாயிற்று. அன்னியச் செலாவணிக் கட்டுப்பாட்டால் கோடக், ஆக்பா முதலிய வெளிநாட்டுப் பிலிம்கள் அளவாகவே இறக்குமதியாயின, மீதி கள்ளச்சந்தையில் கிடைத்தது. இதற்கு மாற்றாக மத்திய அரசு 1960இல் உதகமண்டலத்தில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தைப் பதிவு செய்தது. பிரெஞ்சுத் தொழில்நுட்ப உதவியோடு 1967இல் உற்பத்தி தொடங்கி, 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளைப் பிலிமும் தாளும் எக்ஸ்ரே பிலிமும் வெளிவந்தன. 120 அளவுச் சுருளில் பன்னிரண்டு சதுரப் படங்கள் விழும். பன்னிரண்டில் ஒன்றுகூட வீணாகக் கூடாது என்ற சிக்கனம் கடைக்காரரின் கையில் ஒரு நிதானத்தை ஏற்படுத்தியது, ஒரு கல்யாணத்தை இரண்டு மூன்று சுருள்களில் முடித்துவிடும் அளவுக்கு. தாலி கட்டும் கணத்துக்கு ஒரு படம், அதிகம் போனால் இரண்டு. உதகை ஆலை பின்னர் வண்ணப் படத்தின் வருகையாலும், பெருங்கடன் வாங்கித் தொடங்கிய பாலியெஸ்டர் எக்ஸ்ரே திட்டத்தாலும், 1991க்குப் பிந்தைய இறக்குமதித் தளர்வாலும் நொடித்து, 1996இல் நலிந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டது.

அந்த ஆலையை வீழ்த்திய வண்ணமே ஸ்டுடியோவின் இருட்டறையையும் மூடியது. வண்ண நெகட்டிவைக் கழுவும் முறை 37.8 டிகிரி வெப்பத்தைக் கால் டிகிரிகூடப் பிசகாமல் காக்கவேண்டியது. அரை நூற்றாண்டாகச் சூட்டோடு மல்லுக்கட்டிய கிணற்றடி வித்தை இங்கே பயன்படவில்லை, பல லட்சம் ரூபாய் விலையுள்ள இயந்திரம் தேவைப்பட்டது. 1980களிலிருந்து எடுத்த சுருள்கள் பெருநகரங்களின் 'கலர் லேப்' என்ற கழுவகங்களுக்குப் பஸ்ஸில் போயின. பிரதிகள் அதே பஸ்ஸில் திரும்பி வந்தன. மருந்து கலக்கத் தெரிந்தவரும் டச்சிங்கில் கைதேர்ந்தவரும் வெறுமனே படமெடுத்து அனுப்பும் முகவராகச் சுருங்கினர். படத்துக்கு இவ்வளவு என்று வாங்கிய தொகையில் பெரும்பங்கு லேபுக்குப் போனது. கேமரா மலிவாகி, லேப் எல்லாருக்கும் திறந்திருந்ததால், தொழில் கற்காதவரும் களத்தில் இறங்க முடிந்தது. போட்டி பெருகியதற்குக் காரணம் திறமையின் பரவலன்று, இருட்டறை என்ற வேலி அகன்றதே.

வீடியோ சில ஆண்டுகள் கைகொடுத்தது. காகித வருமானமோ சிறிது சிறிதாகக் கரைந்தது. தென்னார்க்காடு மாவட்டம் கடலூர், விழுப்புரம் என இரண்டாகப் பிரிந்த அதே 1993இல், டி. என். சேஷன் தலைமையிலான தேர்தல் ஆணையம் வாக்காளருக்குப் புகைப்பட அடையாள அட்டை வழங்க ஆணையிட்டது. ஆனால் அந்த மாபெரும் படப்பிடிப்பு ஒப்பந்த முறையில் மொத்தமாக நடந்ததால், ஊர் முழுவதும் படம் எடுத்துக்கொண்டும் ஊர் ஸ்டுடியோவுக்கு அதில் பெரிய பங்கு கிடைக்கவில்லை. 2010இல் வழங்கத் தொடங்கிய ஆதாரும், விண்ணப்பதாரரை அங்கேயே படமெடுத்துக்கொள்ளும் கடவுச்சீட்டுச் சேவை மையங்களும் அதே திசையில் மேலும் சென்றன.

டிஜிட்டல் கேமராவோடு இருட்டறை கணினி வடிவில் திரும்பியது. முகப்பருவை நீக்குவதும் நிறத்தைக் கூட்டுவதும், மறைந்த தந்தையை மகளின் கல்யாணப் படத்தில் சேர்த்து நிறுத்துவதும் இப்போது மென்பொருளில் நடக்கின்றன; செய்யும் காரியம் பழையதே. இந்த வேலையைத் தாமே கற்றுக்கொண்ட ஸ்டுடியோக்காரர்கள் நிமிர்ந்தனர், ஆல்பம் வடிவமைப்பை வெளியூர் 'டிசைனர்' ஒருவருக்கு அனுப்பியவர்கள் மறுபடியும் முகவராயினர். 'கேண்டிட்' எனப்படும், மணமக்கள் அறியாமல் இயல்பாக எடுக்கும் படப்பாணியும், கல்யாணத்துக்கு முந்தைய வெளிப்புறப் படப்பிடிப்பும், டிரோனும் கூலியை உயர்த்தியது உண்மை. கருவிக்கு வாங்கிய கடனின் தவணையும் உடன் உயர்ந்தது.

பழைய நெகட்டிவ்களின் கதி தனியாகக் கூறத்தக்கது. பலகாலம் அவை கடைக்காரரின் சேமிப்பாக இருந்தன: பதிவேட்டில் எண்ணிட்டு உறைக்குள் வைத்த நெகட்டிவைத் தேடி, பத்து ஆண்டு கழித்தும் வாடிக்கையாளர் பிரதி கேட்டு வருவார், வந்தால் காசு. அந்த வரவு நின்றதும், கண்ணாடித் தகடுகளின் மருந்தைச் சுரண்டிச் சட்டத்துக்குக் கண்ணாடியாக விற்றவர்களும், பிலிம்களை வெள்ளி பிரித்தெடுக்கும் வியாபாரிக்கு எடைக்குப் போட்டவர்களும் உண்டு. எஞ்சியவற்றைக் காக்க, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் சார்பில் சோயி ஹெட்லி முதலிய ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்ட உதவியோடு, 1880 முதல் 1980 வரையிலான தமிழ் ஸ்டுடியோப் படங்களைத் தேடி மின்னுருவாக்கம் செய்தனர்.

நெகட்டிவைக் கையில் வைத்திருந்ததால் படமும் தம்முடையதே என்று ஸ்டுடியோக்காரர்கள் எண்ணினர். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, ஒருவர் கேட்டுக்கொண்டு பணம் கொடுத்து எடுக்கப்பட்ட படத்தின் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, பணம் கொடுத்தவரே. சிற்றூரில் ஒப்பந்தம் எழுதுவோர் இல்லை, வழக்குக்குப் போனவரும் அரிது. பிலிம் காலத்தில் பொருளைப் பெட்டிக்குள் வைத்திருந்தவர் கை ஓங்கியிருந்ததால் சட்டம் ஒரு பொருட்டாகவும் தோன்றவில்லை. இன்றோ முன்பணம் பேசும்போதே எல்லாப் படங்களையும் பென் டிரைவில் தரவேண்டும் என்று பெண்வீட்டார் கேட்டுவிடுகின்றனர், கடைக்காரர்களும் அதற்குத் தனிக் கட்டணம் இல்லாமலேயே ஒத்துக்கொள்கின்றனர்.